போர்டு மாட்டியாச்சு, ஆள் வரவில்லை

மனநல ஆலோசனையைத் தொழிலாக எடுத்துக்கொண்ட வாசகர்களிடமிருந்து இந்த முறை நிறைய கடிதங்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கவலையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க உங்களுக்கே.

கேள்வி: மேடம், எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடித்துவிட்டு ஒரு போதை மீட்பு மையத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். இந்த வருஷம் துணிந்து வேலையை விட்டுவிட்டு, திருச்சி தில்லைநகரில் மாடியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தேன். போர்டு வைத்தாகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் தினமும் ஏதாவது போடுகிறேன், கல்யாண வீட்டுக்குப் போனால்கூட விசிட்டிங் கார்டு கொடுக்கிறேன். மூன்று மாதத்தில் ஆறு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் ஒரு தடவையோடு சரி. வாடகை ஒன்பதாயிரம். 'பேசாமல் ஏதாவது ஸ்கூல் வேலைக்குப் போ' என்கிறார்கள் வீட்டில். கிளையன்ட் எங்கிருந்துதான் வருவார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: இன்ஸ்டாகிராமில் தினமும் போடுவதை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் தில்லைநகர் கிராஸ் தெருக்களில் ஏறி இறங்குங்கள். உங்கள் அறையைச் சுற்றி எத்தனை கிளினிக், எத்தனை ஸ்கேன் சென்டர், எத்தனை ஆஸ்பத்திரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களிடம் வர வேண்டிய பலர் இந்த நேரம் அங்கேதான் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் சேர்ந்திருந்தது. மனநலப் பிரச்சினை உள்ளவர்களில், அது எந்தப் பிரச்சினை என்பதைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்று அதில் தெரிய வந்தது. உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் ஆரம்பித்தபோது நாட்டிலேயே முதலில் எடுத்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரிலேயே இன்றைக்கும் ஒருத்தர் கவுன்சலிங் போகிறேன் என்று வீட்டில் சொல்லத் தயங்குகிறார் என்றால், அவர் போர்டைப் பார்த்துவிட்டுத் தானாகப் படியேறி வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. அவர் ஏற்கெனவே நம்பும் யாராவது ஒருத்தர், 'இவங்ககிட்ட போய் ஒரு தடவை பேசிப் பாருங்க' என்று சொல்ல வேண்டும். அந்த 'யாராவது ஒருத்தர்' உங்களுக்கு ஒரு பத்துப் பதினைந்து பேர் இருந்தால் போதும், தொழில் நடக்கும்.

யார் அவர்கள்? முதலில் உங்கள் ஏரியாவின் பொது மருத்துவர்கள். இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று வீட்டார் அள்ளிப்போட்டுக்கொண்டு வருவார்கள். ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், தைராய்டும் நார்மல். 'ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான், மனச ஃப்ரீயா வெச்சுக்குங்க' என்று டாக்டர் அனுப்பிவைப்பார். ஃப்ரீயாக வைத்துக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்லித்தராததால் அவர் அடுத்த மாதம் வேறொரு டாக்டரிடம் போய், திரும்ப அதே டெஸ்ட்டெல்லாம் எடுப்பார். இது பேனிக், அதாவது திடீரென்று வரும் பீதி, என்று உங்களுக்குத் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். டாக்டருக்கும் இந்த நோயாளியை அனுப்ப ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் நாலு தெரு தள்ளி இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. சாப்பிட்டதும் வயிற்றைக் கலக்குகிறது என்று வருஷக்கணக்கில் குடல் மருத்துவரைச் சுற்றுகிறவர்கள், குழந்தையின்மை சிகிச்சையில் இரண்டு மூன்று முறை தோல்வி கண்டு வீட்டில் யாரிடமும் அழ முடியாமல் இருக்கிற பெண்கள், பிரசவமாகிச் சில வாரத்தில் குழந்தையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்கிற தாய்மார்கள், படுக்கையை நனைக்கும் ஒன்பது வயதுப் பையனைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிவரும் அம்மா, இப்படி ஒவ்வொரு கிளினிக்கிலும் உங்களுக்கான ஆட்கள் இருக்கிறார்கள்.

போகும் விதம் முக்கியம். ஓ.பி. நேரத்தில் போகவே போகாதீர்கள். மதிய ஓ.பி. முடிகிற நேரமாகப் பார்த்துப் போய், வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் பெயரைச் சொல்லி இரண்டே நிமிடம் கேளுங்கள். மெடிக்கல் ரெப்களோடு வரிசையில் உட்கார வேண்டியிருக்கும், பரவாயில்லை, உட்காருங்கள். இன்று முடியாது என்றால் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பப் போங்கள். அந்த வரவேற்புப் பெண்ணை மரியாதையோடு நடத்துங்கள், உங்கள் கார்டு டாக்டர் மேஜையில் கண்ணில் படும்படி இருப்பதும் குப்பைக்குப் போவதும் பல இடங்களில் அவர் கையில்தான்.

கையில் பளபளக்கும் பிரோஷர் வேண்டாம். லெட்டர்ஹெட்டில் ஒரே ஒரு பக்கம். நான் யாரைப் பார்க்கிறேன்: படபடப்பு, தூக்கமின்மை, பரீட்சை பயம், குடியை விட்டவர்களும் அவர்கள் குடும்பமும். யாரைப் பார்ப்பதில்லை, அவர்களை எங்கே அனுப்புவேன்: காதில் குரல் கேட்கிறவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருப்பவர், இவர்களை அன்றைக்கே மனநல மருத்துவரிடம். கட்டணம், நேரம், போன் நம்பர். அவ்வளவுதான். இதில் உங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, போதை மீட்பு மையத்தின் நாலு வருஷ அனுபவம். 'எல்லாப் பிரச்சினைக்கும் கவுன்சலிங்' என்று எழுதினால் டாக்டருக்கு ஒருத்தர் முகமும் ஞாபகம் வராது. 'குடியை நிறுத்தி மூன்று மாதம் ஆன கணவர், ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை, அந்த மனைவியைப் பார்க்கிறேன்' என்று எழுதினால், படித்தவுடனே அவருக்கு நாலு குடும்பம் ஞாபகம் வரும்.

பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதில் கவனம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். உங்கள் படிப்புக்கு கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட் என்பதே சரி, அதைப் பெருமையாகவே போடுங்கள். டாக்டர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும், மிகைப்படுத்தினால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

முதல் ஆளை அனுப்பி வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். அனுப்பிய டாக்டருக்கு அதற்கப்புறம் ஒன்றுமே தெரிவதில்லை. கிளையன்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு நாலு வரி எழுதி அனுப்புங்கள்: 'தாங்கள் அனுப்பியவர் வந்தார், வாரம் ஒரு முறை எட்டு வாரம் பார்ப்பதாகத் திட்டம், தூக்கம் மேம்படவில்லை என்றால் மருந்து பற்றித் தங்களிடம் திருப்பி அனுப்புகிறேன்.' உள்ளே பேசியது ஒரு வார்த்தைகூட அதில் இருக்கக் கூடாது. சம்மதம் தரவில்லையா, வந்தார் என்றுகூடச் சொல்லாதீர்கள். இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் இந்த நாலு வரியால்தான் வருவார்கள்.

மனநல மருத்துவர்களைப் போட்டியாக நினைக்காதீர்கள். மாலை ஓ.பி.யில் வரிசையாக ஆட்களைப் பார்க்கும் ஒருவரால் ஒருத்தரோடு முக்கால் மணி நேரம் உட்கார முடியாது, பேச்சு சிகிச்சைக்கு அனுப்ப அவருக்கும் நம்பகமான ஆள் தேவை. அவர் உங்களிடம் பார்ப்பது ஒன்றுதான், மாத்திரையில் தலையிடுவீர்களா என்று. 'அவ்வளவு மாத்திரை எதுக்கு, மெல்ல நிறுத்திடலாமே' என்று கிளையன்டிடம் ஒரு தடவை சொன்னால்கூட அது அவர் காதுக்குப் போகும், அந்தக் கதவு அதோடு மூடிவிடும். அதைவிட முக்கியம், மருந்தைத் திடீரென்று நிறுத்திய அந்த ஆள் படும் பாடு.

சரி, ஒரு தடவையோடு நின்றுவிட்ட அந்த நாலு பேருக்கு வருவோம். புதிய ஆட்களைத் தேடுவதைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் ஆலோசனை என்றால் பெரியவர் ஒருத்தர் உட்கார வைத்து புத்திமதி சொல்வது என்றுதான் பழக்கம். ஒரு மணி நேரம் தானே பேசிவிட்டு, ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, 'அவங்க ஒண்ணுமே சொல்லலயே' என்ற எண்ணத்தோடு அவர் படியிறங்குகிறார். அதனால் முதல் சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் புரிந்தவரை உங்கள் பிரச்சினை இது, இது இப்படி நடப்பதற்குக் காரணம் இது, சுமாராக இத்தனை தடவை வர வேண்டியிருக்கும், மூன்றாவது தடவைக்குள் இந்த மாற்றமாவது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நாம் உட்கார்ந்து வேறு வழி பார்ப்போம். இதைச் சொல்லி, அன்றைக்கே செய்துபார்க்க ஒரு சின்ன விஷயத்தையும் கொடுங்கள். தூக்கம் வராதவர் என்றால், விடியற்காலை எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் எழும் நேரத்தை மாற்றாமல் ஒரு வாரம் இருந்து பார்க்கச் சொல்லலாம். அடுத்த வாரம் வர அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

முதல் போன் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரிடமிருந்து வராது. அம்மா கூப்பிடுவார், அக்கா கூப்பிடுவார், சில சமயம் மாமனார் கூப்பிடுவார். 'பையன் ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கிறான், அவனுக்குத் தெரியாம நீங்க பேசி சரிபண்ணணும்' என்பார். தெரியாமல் செய்ய முடியாது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, முதலில் அம்மாவை மட்டும் வரச் சொல்லுங்கள். அந்த அம்மாவே தூங்கிப் பல மாதம் ஆகியிருக்கும். போனிலேயே கட்டணத்தைச் சொல்லிவிடுங்கள், வந்த பிறகு கேட்டுச் சங்கடப்பட வைக்காதீர்கள். சந்திப்பில் இருந்தால் போன் எடுக்க முடியாதுதான், ஆனால் அன்று மாலைக்குள் திருப்பிக் கூப்பிடுங்கள். பல நாள் யோசித்து ஒருத்தர் ஒரு தடவை போன் செய்திருப்பார், திரும்பவும் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

அறையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். கீழே பல் கிளினிக்கோ டியூஷன் சென்டரோ இருக்கிறதா? இருந்தால் நல்லது, படியேறுகிறவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. போர்டு சின்னதாகவே இருக்கட்டும். இரண்டு சந்திப்புக்கு நடுவில் கால் மணி நேரம் விடுங்கள். திருச்சி மாதிரி ஊரில் வெளியே வருகிறவரும் உள்ளே போகிறவரும் பங்காளிகளாக இருந்துவிடலாம், அப்படி ஒரு தடவை மோதிக்கொண்டால் இரண்டு பேருமே திரும்ப வரமாட்டார்கள்.

கடைசியாகப் பணம். வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளியிலோ கல்லூரியிலோ வேலை பார்ப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். வாடகை பயம் இல்லாத ஆலோசகரால்தான் 'உங்களுக்கு இனிமேல் நான் தேவையில்லை' என்று ஒரு கிளையன்டிடம் நேர்மையாகச் சொல்ல முடியும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றிக் கொடுத்த வழிகாட்டுதல்களின்படி, 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும். அதைவிடச் சிறிய இடங்கள் வெளியில் இருக்கும் நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். கோச்சிங் சென்டர்களும் இதில் அடக்கம். அந்த உத்தரவின் பிரதியோடு பள்ளித் தாளாளரைப் போய்ப் பாருங்கள். பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால், ஜனவரியில், பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசக் கேளுங்கள். ஒரே நிபந்தனை, எந்தப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறீர்களோ அந்தப் பள்ளிப் பிள்ளையை உங்கள் அறைக்கு வரச்சொல்லித் தனியாகக் கட்டணம் வாங்காதீர்கள், வேறொருவரிடம் அனுப்புங்கள். பிள்ளைகளோடு வேலை என்றால் போக்சோ சட்டம் 2012-ன்படி பாலியல் வன்முறை பற்றித் தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்பதையும், எது ரகசியம் எது ரகசியமாக வைக்க முடியாதது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ராத்திரி நேரத்தில் நீங்கள் போன் எடுக்க முடியாதபோது கூப்பிட, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ ஒவ்வொரு கிளையன்டிடமும் எழுதிக் கொடுங்கள். 2022-லிருந்து இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். உங்கள் ஒரு பக்கக் கடிதத்திலும் அது இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் பெரிய கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஒருத்தர், மாதம் பத்துப் பேராவது அனுப்புவதாகவும் ஒவ்வொருவர் கட்டணத்திலும் 30 சதவீதம் தனக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறார். ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். ஒப்புக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் தம்பி. ஒருவரை அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளே தடை செய்கின்றன. விதியை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். கமிஷன் கிடைக்கிறது என்பதற்காக அனுப்பப்படுகிறவருக்கு உங்கள் உதவி தேவையா என்று அனுப்புகிறவர் யோசிக்க மாட்டார், மருந்து தேவைப்படுகிறவரும் உங்களிடம் வந்து நிற்பார். அந்த 30 சதவீதத்தை ஈடுகட்ட நீங்கள் கட்டணத்தை ஏற்றுவீர்கள், இல்லையென்றால் ஐந்து தடவையில் முடிவதைப் பத்தாக இழுப்பீர்கள். அதே டாக்டரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'உங்கள் கிளினிக்கில் ஒரு அறையை வாரத்துக்கு இரண்டு மாலை எனக்கு வாடகைக்குத் தாருங்கள், மாதம் இவ்வளவு என்று பேசிக்கொள்வோம்.' எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை, ரசீதோடு. இது நேர்மையான ஏற்பாடு, தனியாக அறை எடுப்பதைவிட உங்களுக்குச் செலவும் குறையும். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் வேறு டாக்டர் இருப்பார்.

கேள்வி: கூகுள் மேப்பில் ரிவ்யூ இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள், வந்த கிளையன்ட் எல்லோரிடமும் ஐந்து ஸ்டார் கேட்டு வாங்குங்கள் என்கிறார் என் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆள். பெயரை மாற்றி கேஸ் கதைகள் போடச் சொல்கிறார். எனக்கு என்னவோ உறுத்துகிறது.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உறுத்துவது சரியான உறுத்தல்தான். ஓட்டலுக்கும் ஜவுளிக்கடைக்கும் செய்வதை அப்படியே இங்கே செய்ய முடியாது. இப்போது சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டு கேட்டு வாங்கக் கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. நம் சூழலில் அதற்கு இன்னும் கூடுதல் காரணம் இருக்கிறது. உங்களிடம் அழுதுவிட்டுப் போன பெண்ணிடம் ரிவ்யூ கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, போட்டால் அவர் ஜிமெயில் பெயரோடு அது ஊருக்கே தெரியும். ஒருவேளை யாராவது தானாகவே எழுதினாலும், 'மிக்க நன்றி, அடுத்த அமர்வில் சந்திப்போம்' என்று பதில் போடாதீர்கள். அவர் உங்கள் கிளையன்ட் என்பதை நீங்களே ஊரறியச் சொன்னதாகிவிடும். மோசமான ரிவ்யூ வந்தால் கை பரபரக்கும், அதற்கும் இதே விதிதான்.

கேஸ் கதைகள் வேண்டவே வேண்டாம். சாயிபாபா காலனி, ஐ.டி. வேலை, முப்பத்திரண்டு வயது, இரண்டாவது திருமணம் என்று நாலு தகவல் போதும், சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது.

மேப்பில் உங்கள் இடம் இருக்கட்டும், அதில் தவறில்லை. பெயர், படிப்பு, நேரம், கட்டணம், தமிழில் பேசலாம் என்ற விவரம், அறையின் ஒரு படம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு, லிஃப்ட் உண்டு. தேடுகிறவருக்கு வேண்டியது இவைதான். எழுத ஆசை இருந்தால் ஆளை எழுதாமல் பிரச்சினையை எழுதுங்கள். 'பிரசவத்துக்குப் பின் அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டினால் என்ன செய்வது' என்று தெளிவாக ஒரு பக்கம் எழுதி வைத்தால், ராத்திரி இரண்டு மணிக்குத் தேடுகிற அம்மா அதைப் படித்துவிட்டுக் காலையில் போன் செய்வார். அந்த மார்க்கெட்டிங் ஆளுக்கு மாதாமாதம் கொடுக்கும் பணத்தில் அனுபவசாலி ஆலோசகர் ஒருத்தரிடம் சூப்பர்விஷன் எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது நீங்கள் செய்யும் வேலையை அவரோடு பேசி வழிகாட்டுதல் வாங்குங்கள். வந்தவர் தொடர்ந்து வருவதற்கு அதுதான் உதவும்.

கேள்வி: அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்கள் தமிழில் பேச ஆலோசகர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மதுரையில் இருந்துகொண்டே வீடியோ காலில் பார்க்கலாமா? அங்கே கட்டணமும் கூடுதலாகக் கேட்கலாமே.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தேவை நிஜமாகவே இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைக்கும் இங்கே வளர்ந்த அப்பாவுக்கும் நடுவில் நிற்கிற ஒரு அம்மாவுக்கு, மாமியார் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லவே பாதி நேரம் போய்விடும். ஆனால் அமெரிக்காவில் சைக்காலஜிஸ்ட் உரிமம் மாநிலவாரியானது, கிளையன்ட் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் கேட்பார்கள். உங்களிடம் அது இல்லாமல் அங்கே தெரபி செய்வது சட்டச் சிக்கல், அதில் இறங்காதீர்கள். பிரிட்டனில் கவுன்சலர் என்ற பெயருக்குச் சட்டக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள அங்கே பதிவு வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக விசாரித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு மதுரை வந்திருக்கும்போது நேரில் பார்ப்பதில் இந்தச் சிக்கல் இல்லை, இங்கே தனியாக இருக்கும் அவர்களுடைய வயதான பெற்றோரைப் பார்ப்பதிலும் இல்லை. மகன் அங்கிருந்து கட்டணம் அனுப்புவார், நீங்கள் இங்கே கே.கே. நகரில் அந்தப் பெரியவரைப் பார்ப்பீர்கள். மதுரையில் இதற்கு நிறையவே தேவை இருக்கிறது, முதலில் அதைத் தொடங்குங்கள்.

விசாரித்து, அனுமதி உண்டு என்று உறுதியான நாட்டில் யாரையாவது எடுத்தால், முதல் சந்திப்பு தொடங்கும்போதே அவர் இருக்கும் முகவரியையும், பக்கத்தில் இருக்கும் ஒருவரின் போன் நம்பரையும், அந்த ஊரின் தற்கொலைத் தடுப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123. ஏதாவது அவசரம் என்றால் மதுரையிலிருந்து உங்களால் ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாது.